ஐந்து பயணத்தின் படகுக்கூலி

சங்வியான் அக்காவுக்கு நான் நாற்பது பாட் கடன்பட்டிருந்தேன். இன்று அம்பவாவில் மூன்று தென்னஞ்சர்க்கரைக் கொட்டகைக்கு நான்தான் முதலாளி. நாலாம் வகுப்பைத் தாண்டாதவர்களில் என்னளவு உயர்ந்தவன் இந்த வாய்க்கால் கரையில் இல்லை. ஆனாலும் அந்த நாற்பது பாட் இல்லையென்றால் நானும் இல்லை.

அப்போது ஊரார் தென்னைகளைக் குத்தகைக்கு எடுத்துப் பாளை சீவிக்கொண்டிருந்தேன். நான் சோறு போட்ட கோயில் நாயே கெண்டைக்காலைக் கவ்வியது. மறுநாள் வெறி முற்றிச் செத்தும் போனது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் புது ஊசி முறையொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பழைய முறையில் தினம் ஒன்றாகப் பதினாலு நாள் வயிற்றில் குத்துவார்கள். புதியதில் மூன்று மாதத்துக்குள் ஐந்தே தடவை, கையில் தோலுக்குள் சொட்டு மருந்து. கடைசியில் ரத்தம் எடுத்து, மருந்து வேலை செய்ததா என்று பார்ப்பார்கள். ஐந்தையும் முடித்தவனுக்கே பயணச்செலவு கிடைக்கும்.

என்னிடம் காசில்லை. காய்கறிப் படகு ஓட்டிய அக்கா, தடவைக்கு எட்டு பாட் என்று கடனுக்கு ஏற்றிக்கொண்டாள். ஊசி போட்ட இடம் கொசுக்கடி போலத் தடித்திருக்கும். "இதுக்குத்தான் உள்ளே அப்படிக் கத்தினியா, தம்பி?" என்று ஊர் வந்து சேரும்வரை சிரிப்பாள். இன்று அந்த வழியில் கார்தான் போகிறது. துடுப்புச் சத்தம் என் காதில் மட்டும்.

இருபத்தெட்டாம் நாள், நாலாவது ஊசிக்கு, நான் மரத்தைவிட்டு இறங்கவில்லை. கலயத்தை நேரத்தில் இறக்கிக் காய்ச்சாவிட்டால் பதநீர் புளித்துப்போகும். என் உடம்புக்கு மூன்றே போதுமென்று மேலிருந்தே சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. படகைக் கட்டிவிட்டு மரத்தடிக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரும் நாய் கடிச்சு, அந்தப் பதினாலுல ஆறாவது ஊசியோட நிறுத்தினாரு. பதநீர் புளிச்சிடும்னு இதே பேச்சுதான்."

வாய்க்காலில் பிறந்து வளர்ந்த மனுஷன், கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரைக் கண்டு நடுங்கிச் செத்தார்.

"புளிச்சா கொட்டிக்கலாம். இறங்கு."

இறங்கினேன். திரும்பி வரும்போது பதினோரு கலயமும் நுரைத்திருந்தன. அக்கா ஒன்றை எடுத்துக் குடித்துப் பார்த்து, கள்ளாவது கிடைத்ததே என்றாள்.

தொண்ணூறாம் நாள் ஐந்தாவது ஊசி. இரண்டு வாரம் கழித்து அவர்களே ஊருக்கு வந்து ரத்தமும் எடுத்துப்போனார்கள். நன்றாகவே வேலை செய்திருப்பதாகப் பிறகு சொல்லியனுப்பினார்கள். கூடவே வந்த செலவுப் பணத்தோடு நேரே படித்துறைக்குப் போனேன். அக்கா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஈரக் கையை விரித்தாள். பத்து, இருபது, முப்பது, நாற்பது.