புங்கமரத்தடியில் சொன்ன கேன்சல்

புருஷன் செத்த வருஷமே, கொழுந்தனார்களை எதிர்த்து நின்று வீட்டுமனைப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றினாள். மகனை ஐ.டி.ஐ. முடிக்க வைத்தாள். அடகுக் கடையில் முழுகிப் போகவிருந்த தோட்டைக் கெடு முடியுமுன் மீட்டாள். நிற்காமல் போய்க்கொண்டிருந்த டவுன் பஸ்ஸைத் தெரு முனையில் நிற்க வைத்தாள். அதற்காக இரண்டு முறை பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றாள். கடைசியாக, பெரம்பலூரில் ஒரு வேன் ஆபீஸிலிருந்து நாலாயிரம் ரூபாய் அட்வான்ஸைத் திரும்ப வாங்கினாள். குன்னம் பக்கத்தில் வெங்காயம் அறுக்கவும் பருத்தி எடுக்கவும் போகிற கொளஞ்சியம்மாள் ஜெயித்தவை இவை. கடைசியாகச் சொன்னதை அவள் அண்ணன் சாமிக்கண்ணு பக்கத்திலிருந்து பார்த்தார்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் பேரனுக்கு மொட்டை போடுவதாக இருந்தது. தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து வேன் பேசினார்கள். வீட்டுக்கு எண்ணூறு. வசூல் செய்ததும் ஆபீஸில் கட்டியதும் கொளஞ்சி. அந்த வாரம் திங்கட்கிழமை அவள் புருஷனின் பெரியப்பா உடையார்பாளையத்தில் இறந்துபோனார். பங்காளித் தீட்டு. ஐந்து வீடும் பங்காளிகள்தான். கருமாதி முடியும்வரை யாரும் கோயில் வாசலை மிதிக்க முடியாது.

கருமாதி முடிந்து ஆபீஸுக்குப் போன் செய்தபோது, "நீங்க கேன்சலே பண்ணலையே" என்றார்கள். தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. "வண்டிக்காரன் தரலையாம்ல? கொளஞ்சி காதுல புதுக் கம்மல் ஏறுதான்னு பாப்போம்" என்று பங்கு கொடுத்த வீட்டுக் கலைமணி தண்ணீர்க் குழாயடியில் சொன்னது அவள் காதுக்கே வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஓனர் பாலசுந்தரம் மரியாதையாகத்தான் பேசினார்.

"மூணு நாளுக்கு முன்னாடி சொன்னா முழுசாத் திருப்பிக் குடுத்துருவோம்மா. நீங்க சொல்லவே இல்ல. சனிக்கிழமை விடியக்காலம் ஒங்க வூட்டுக்கு வண்டி வந்து நின்னுச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு எனக்கே புரியல. நான் செவ்வாக்கிழமையே வந்து சொல்லிட்டுப் போனேனே!"

"இங்கயா? யார்கிட்ட?"

"உள்ள வரல சார். எதிர்ல, அந்தப் புங்கமரத்தடியில நின்னு ஒங்க டிரைவருகிட்ட சொன்னேன்."

சாமிக்கண்ணு தங்கை பக்கம் திரும்பினார். எட்டாவது வரை படித்தவர். கரண்டு பில் கட்டினால்கூட ரசீதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மடிப்பார்.

"ஏ புள்ள, ஆபீஸ் வாச வரைக்கும் வந்துட்டு உள்ள போகாமயா திரும்புன? போனாவது போட்டிருக்கலாம்ல?"

"போட்டேண்ணே. ரிங் போச்சு, யாரும் எடுக்கல. அதான் நேர்ல வந்தேன். இங்க பாரு, மகாலட்சுமி படத்துக்கு வெளக்கு எரியுது. வண்டியெல்லாம் எலுமிச்சம்பழம் கட்டி நிக்கிது. பொணம் எடுத்த மறுநாளு, எழவு வூட்டுத் தீட்டோட நான் எப்படி உள்ள ஏறுவேன்?"

பாலசுந்தரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த டிரைவரும்மா?"

"பேரு கேக்கல. முழங்கையில வேல் பச்ச குத்தியிருந்துச்சு."

"முருகையன்" என்று முனகிக்கொண்டே அவர் போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசுடா. மூணாஞ் சனிக்கு முந்துன செவ்வாக்கிழம ஒரு அம்மா கேன்சல் சொல்ல வந்துச்சா?"

ஹாரன் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது. "செவ்வாயா... ஆமா மொதலாளி! மரத்தடியில நின்னுச்சு. வெயிலா இருக்கே, தண்ணி குடிங்கன்னு ஆபீஸ் சொம்ப நீட்டினேன். எழவு வூட்டுக்காரி, தொடமாட்டேன்னுச்சு. கையில ஊத்தறேன்னேன், அதுக்கும் வேணாம்னுருச்சு."

"அத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"அப்பயே வேளாங்கண்ணி டிரிப்புக்கு ஏறிட்டேனே! திரும்பி வந்தப்ப மறந்தே போச்சு. மன்னிச்சுக்குங்க மொதலாளி."

"ஒனக்கு வேளாங்கண்ணி, எனக்குப் பட்டை நாமம். அந்தச் சனிக்கிழம ரெண்டு பார்ட்டிய திருப்பி அனுப்பிச்சேன்டா. வையி போன."

பாலசுந்தரம் விளக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"நெசத்தச் சொல்றேம்மா. நீங்க அன்னிக்கு உள்ள வந்திருந்தா நானே சத்தம் போட்டிருப்பேன். எங்க அம்மா இருந்தா கடையவே கழுவி விட்டிருக்கும். அத மதிச்சு வெயில்ல நின்ன ஆளோட பணத்த வச்சுக்கிட்டா நல்லா இருக்காது." டிராயரை இழுத்து நாலாயிரத்தை எண்ணி வைத்தார்.

கொளஞ்சி உடனே எடுக்கவில்லை. "அந்த டிரைவர் அண்ணன் சம்பளத்துல புடிச்சிராதீங்க சார்."

"அத நான் பாத்துக்கறேன், நீங்க எடுங்க. திட்டுவேன், புடிக்கமாட்டேன்."

அதற்குப் பிறகுதான் பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"பணம் குடுத்ததுக்கு ஒரு சீட்டு வேணும் சார். தெருவுல காட்டணும்."

பாலசுந்தரம் வவுச்சர் எழுதி, மைப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கைநாட்டு வச்சிருங்க. காப்பி ஒண்ணு தாரேன்."

வழக்கம்போல அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைக்கச் சாமிக்கண்ணு கை நீட்டினார். அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"ரேகையப் பாத்து இது கொளஞ்சின்னு கலைமணி எப்படிண்ணே ஒத்துக்குவா? பேனாவக் குடு."

"ஒனக்கு எழுத வருமா?"

"ஸ்கூல்ல பெரியவங்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்குது, அதுக்குப் போனேன். ஒங்கிட்ட சொல்லல. தப்பா எழுதினா நீ சிரிப்ப."

சட்டைப் பையிலிருந்த பேனாவை அவர் மூடி கழற்றிக் கொடுத்தார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினாள். கொம்பு கொஞ்சம் சாய்ந்தது. 'ஞ்சி' எழுத நேரம் பிடித்தது. பாலசுந்தரம் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்ததும் சாமிக்கண்ணு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. பெயருக்குக் கீழே தேதியைச் சுவர்க் காலண்டரில் அவளே பார்த்துப் போட்டாள்: 17.10.2024.