கதவகலக் கயிறும் இரண்டு பேஸ் பெட்டிகளும்

பேஸ் பெட்டி வாங்க கேகாலைக்குப் போன அன்று என் கைப்பையில் ஒரு சணல் கயிறு இருந்தது. லயத்து வரிசை வீட்டில் எங்கள் அறையான காம்பராவின் கதவகலத்தை அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிப்பார்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தெரியாத ஒன்று எதிரில் வந்தால் எனக்கு முதலில் பயம்தான் வரும். அந்தப் பயத்தில் கேள்வி கேட்பேன், அளப்பேன், திரும்பவும் அளப்பேன். தோட்டத்தில் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வரும்போதும், ஏதாவது ஒரு மரத்தில் பால் வடியச் சிரட்டை வைக்காமல் வந்துவிட்டேனோ என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்த நாட்கள் உண்டு.

வீட்டுக்காரரிடம் ஒரு பாட்டு செட் இருந்தது. என் நெஞ்சுயரத்துக்கு இரண்டு பெரிய பெட்டிகள், சத்தத்தைப் பெருக்குகிற ஒரு ஆம்ப், கேசட் போடுகிற டெக், ஒரு மைக். சடங்கு வீடு, கல்யாண வீடு என்று சுற்றுவட்டத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போகும். அந்தப் பெட்டிகள் பேச்சுக்கு நல்லவை. மணியடித்தால் மணிபோலவே கேட்கும். ஆனால் வெட்டவெளியில் மேளச் சத்தம் மட்டும் தகரத்தில் விரலால் தட்டுகிற மாதிரி மெலிந்துவிடும்.

முந்தைய வருடம் தோட்டத்தின் கீழ் டிவிஷன்காரர்கள் திருவிழாவுக்கு டவுனிலிருந்து செட் கொண்டுவந்திருந்தார்கள். அதன் பேஸ், அதாவது மேளத்தின் அடித்தொனி, எங்கள் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களின் வயிற்றுக்குள் வந்து அடித்தது. இனி எங்கள் செட்டை யார் கேட்பார்கள் என்று அன்றைக்கே என் மனசு கெட்டுப்போனது. நினைத்தபடியே, மறு வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடி கட்டுவதற்கு மூன்று வாரம் முன்பு கோயில் தலைவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். உறவு என்பதால் பேச்சில் இன்னும் கொஞ்சம் உறைப்பு இருக்கும்.

"இந்தா பாரு மாப்ள. ஒன் செட்டு பேசுது, பாடுது, எல்லாஞ் செய்யுது. இடிதான் இல்ல. கரகம் படியேறி வாறப்ப நெஞ்சுல அடிக்கணும்யா. இந்த வருசம் ஒனக்குத்தான். அடிக்கலன்னா அடுத்த வருசம் நான் டவுன்ல பேசிக்கிறேன். அப்பறம் மாமான்னு வந்து நிக்காத."

"அடிக்கும் மாமா" என்றார் இவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எதை வைத்து அடிக்கும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அடுப்படிக் கூரைத் தகரம் சல்லடையாகக் கிடந்தது. அதை மாற்ற நான் சேர்த்து வைத்திருந்த காசு மட்டும்தான் வீட்டில் இருந்தது. சொந்தக் கோயிலே வேண்டாமென்று தள்ளிய செட்டை வேறு எந்தத் தோட்டம் கூப்பிடும்? கூரை ஒழுகினால் பானை வைக்கலாம். செட் போய்விட்டால் எதை வைப்பது? அப்படி யோசித்துத்தான் காசைக் கொடுத்தேன். ஒரு நிபந்தனையோடு: நானும் கடைக்கு வருவேன்.

அது யுத்தம் நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். பஸ்ஸை மறித்துச் சோதனைக்கு ஆளை இறக்குவது குறைந்திருந்தது. இருந்தாலும் கேகாலை போய்ச் சேரும்வரை அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரர் ஒரு காலத்தில் கச்சேரிகளுக்கு செட் போட்ட சிங்களவர். இப்போது பழசும் புதுசும் விற்கிறார். நான் சிங்களத்தில் பேச ஆரம்பித்ததும் தங்கச்சி என்று என்னை 'நங்கி' ஆக்கிக்கொண்டார்.

முதலில் காட்டியது புத்தம்புதுப் பெட்டி. பதினெட்டு அங்குலம். ஒன்று வாங்கத்தான் எங்கள் காசு வரும். ஒன்றே போதும் என்றார். அவருடைய சிடியைப் போட்டார். அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது, என் தாலிக்கொடி நெஞ்சில் துடித்தது. வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை.

"இதான் புள்ள. வேற பேச்சே இல்ல."

"கொஞ்சம் இருங்க" என்று பையிலிருந்து எங்கள் கேசட்டை எடுத்தேன். கோயிலில் வழக்கமாகப் போடுகிற அம்மன் பாட்டு. கடைக்காரர் தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டால் எந்தப் பெட்டியும் நல்லாத்தான் பாடும். எங்கள் பாட்டுக்கு எப்படி என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. போட்டார். ஒரு மேள அடி முடியுமுன் அடுத்த அடி வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. எல்லாம் சேர்ந்து ஒரே உறுமலாகக் கேட்டது.

அடுத்து கயிற்றை எடுத்தேன்.

"ஏ லணுவ மொகடத நங்கி?" என்றார் கடைக்காரர், கயிறு எதற்கு என்று.

"கதவுக்கு" என்று பெட்டியின் குறுக்கே பிடித்தேன். எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் பெட்டி முடிச்சுக்கு வெளியே நான்கு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் காம்பராவுக்குள் அது போகவே போகாது. வெளியில் இஸ்தோப்பில் வைத்தால் மழை. வீட்டுக்காரர் கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத எப்ப அளந்த?"

"நீங்க தூங்கறப்ப."

நான் விடவில்லை. எங்கள் ஆம்ப் இதைத் தள்ளுமா, சாயங்காலம் லயமெல்லாம் லைட் போட்டால் எங்களுக்குக் கரண்ட் இறங்கிவிடும், அப்போது என்னாகும் என்று கேட்டேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இதற்கு இன்னும் பெரிய ஆம்ப் ஒன்று வாங்கினால் நல்லது என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பிறகுதான் மூலையிலிருந்து இரண்டு பழைய பெட்டிகளை இழுத்துப் போட்டார். பதினைந்து அங்குலம். ஒன்று மூடிப்போன ஒரு சினிமா ஹோலில் இருந்து வந்தது. மற்றது ஒரு கச்சேரிக்காரர் விற்றது. அதன் ஸ்பீக்கர்க் காகிதம் கிழிந்து, கடைக்காரரே உள்ளே வேறு ஸ்பீக்கரைப் புதிதாக மாட்டியிருந்தார். ஒன்றுக்கொன்று சோடியில்லை, ஆனால் கொஞ்சக் கரண்டுக்கே நன்றாகப் பேசும் என்றார். முடிச்சுக்குள் இரண்டும் அடங்கின.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போடச் சொன்னேன். அதே கேசட், அதே பாட்டு, மும்மூன்று தடவை. அடி விழுந்ததும் நின்றது. உறுமல் இல்லை. காகிதத்தில் காதை வைத்து உரசல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள்" என்றார் கடைக்காரர். "இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாம். சேர்த்துப் போட்டால் ஒன்றின் குறை மற்றதில் மறைந்துவிடும்."

அன்று அதைப் பெரிய புத்தி என்று நினைத்துச் சொன்னேன். அவர் "பய வென்ன எபா நங்கி" என்று, பயப்பட வேண்டாம் என்று, மேல்சத்தத்தை வீட்டில் இருக்கிற பெரிய பெட்டிகளுக்கும் இடிச் சத்தத்தை இந்தப் பெட்டிகளுக்கும் பிரித்துவிடுகிற ஒரு சின்ன டப்பாவையும் சேர்த்துக் கொடுத்தார். மரக்கறி லொறி ஒன்றில் ஏற்றி, தோட்டத்துப் படிகளில் நாலு பேர் தோளில் வைத்து, இரண்டு விரல் இடைவெளியில் கதவுக்குள் நுழைத்தோம். கூரைக் காசு முழுவதும் அந்த இரண்டு பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

பக்கத்துக் காம்பராவில் பிறந்து பத்து நாள் ஆன பிள்ளை. அதனால் வீட்டில் ஒரு பெட்டியை மட்டும் மெதுவாகப் போட்டுப் பார்த்தோம். நான் இரண்டுக்கும் கறுப்புத் துணியில் முன்மூடி தைத்தேன். இழுத்துக் கட்டினால் கிழியுமோ என்று கொஞ்சம் தளர்வாகவே விட்டேன்.

"பேஸ் பெட்டியா, கல்யாணப் பொண்ணா?" என்றார் இவர்.

திருவிழா அன்று பிற்பகல் கரகம் பாலித்து எடுத்துவர எல்லோரும் ஆற்றுக்கு இறங்கிவிட்டார்கள். கோயில் வாசலின் இரண்டு பக்கமும் பெரிய பெட்டிகளை நிறுத்தி, ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பேஸ் பெட்டி வைத்தோம். தலைவர் வாசலுக்கு நேராக, கரகம் வந்து நிற்கிற இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரோடு கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர்.

வீட்டுக்காரர் பாட்டைப் போட்டார்.

பழைய செட்டுதான் பாடியது. இடி இல்லை.

தலைவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "எங்க மாப்ள? பெட்டிக்குள்ள படுத்துத் தூங்குதா? எழுப்பி விடு."

சிரித்தார்கள். இவர் கூட்டி வைத்தார். இன்னும் கூட்டினார். ஆம்பில் சிவப்பு லைட் சிமிட்டத் தொடங்கியது. அந்த நேரம் மேல் லயத்து மூலையிலிருந்து ஒரு பெண் கையை ஆட்டிக் கத்தினாள்.

"அக்கா, என்னாத்தப் போட்டீங்க? எங்க தட்டு கோப்ப எல்லாம் ஆடுது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே ஆடுகிறது, இங்கே இல்லையா? இடது பெட்டிப் பக்கம் ஓடினேன். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. வலது பெட்டிப் பக்கம் ஓடினேன். அதுவும் அதிர்ந்தது. நடுவில் தலைவர் நிற்கிற இடத்துக்கு வந்தால், யாரோ துடைத்து எடுத்த மாதிரி ஒன்றுமே இல்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நான் ஓடுவதைப் பார்த்து ஒருவர், "அக்காவுக்கு இப்பவே சாமி வந்துருச்சி" என்றார்.

ஆற்றுப் பக்கம் தப்பு மேளச் சத்தம் கிளம்பியது. கரகம் புறப்பட்டுவிட்டது. ஆற்றிலிருந்து கோயில்வரை எண்பத்து நான்கு படி. சின்ன வயதிலிருந்து எண்ணி வைத்திருக்கிறேன்.

"ஆம்புதான் மடக்குது" என்று இவர் ஆம்பை நிறுத்தினார். திரும்பப் போட்டார். போட்டவுடன் வழக்கமாக வருகிற 'டொப்' வந்தது. அப்போது நான் தைத்த மூடித்துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் பார்க்கத் தைரியம் இல்லை. இடது துணி முன்னால் உப்பியது. வலது துணி உள்ளே ஒட்டியது.

"ஏங்க. இன்னொருக்கா நிப்பாட்டிப் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்கன்னா."

போட்டார். மறுபடியும் அதேதான்.

"ஒரு பெட்டி ஊதுதுங்க. மத்தது உறிஞ்சுது. இது தள்ற காத்த அது இழுத்துக்கிது. அதான் நடுவுல ஒண்ணுமில்ல."

அவர் என்னைப் பார்த்தார். வலது பெட்டி கடைக்காரர் உள்ளே ஸ்பீக்கரை மாற்றி மாட்டியது. வெளியில் வயரைச் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று நாங்கள் சரியாகத்தான் கொடுத்திருந்தோம். உள்ளே அவர் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். தனித்தனியாகப் போட்டால் அது தெரியவே தெரியாது. சேர்த்துப் போடட்டுமா என்று கேட்ட மனிதரை வேண்டாமென்று தடுத்தவள் நான்.

"சாமி வாற நேரத்துல வயர்ல கை வைக்கச் சொல்றியே. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருச்சின்னா இருக்கற பாட்டும் போயிரும் புள்ள."

"இருக்கற பாட்டு போன வருசமும் இருந்துச்சி. அது பத்தாதுன்னுதான மாமா சொன்னாரு?"

தலைவர் காதில் விழுந்திருக்கும். அவர் படிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவர் ஆம்பை நிறுத்திவிட்டுக் குந்தினார். வலது பெட்டியின் வயர்களை மட்டும் கழற்றினார். அவசரத்தில் ஒரு வயரின் நுனி பிரிந்தது. பல்லால் கடித்து முறுக்கினார். நான் இரண்டு வயரையும் தொடாமல் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். தப்பு படியேறிக்கொண்டிருந்தது. எந்தப் படி என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்தது. சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாட்டி முடுக்கினார்.

"போடவா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

'டொப்.' இரண்டு துணியும் ஒன்றாக முன்னால் வந்தன.

கரகத்தின் வேப்பிலை கடைசிப் படிக்கு மேல் தெரியும்போது பாட்டு கிளம்பியது. மேளம் தரையிலிருந்து ஏறி முழங்காலைத் தாண்டி நெஞ்சில் அடித்தது. தலைவரின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. வாசல் விளக்கின் சுடர் ஒவ்வொரு அடிக்கும் குனிந்து நிமிர்ந்தது. அது அணைந்துவிடுமோ என்று எனக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் தலைவர் ஆம்ப் பக்கம் வந்தார். "கொஞ்சம் கொறைச்சிக்க மாப்ள. கரகம் தூக்குறவனுக்குக் காலு ஒதறுது." அவ்வளவுதான். பூசை முடியும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கல் வாங்கும்போதும் பார்த்தேன். அதில் எதையும் படிக்க முடியவில்லை. குறைக்கச் சொன்னது கோபத்திலா என்று ஒரு பக்கம் அரித்தது.

மறுநாள் மஞ்சத்தண்ணி ஊற்றி விளையாடினார்கள். தலைவர் மேலெல்லாம் மஞ்சள் வழிய எங்கள் இஸ்தோப்புக்கு வந்தார். செட்டைத் துடைத்துக்கொண்டிருந்த இவர் எழுந்து நின்றார்.

"அடுத்த வருசம் இதே நாளு வேற எடத்துல எதையும் ஒத்துக்கிறாத" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவன அனுப்பாத. நீயே வந்து போடு தாயி" என்றார். இவர்தான் பெரிதாகச் சிரித்தார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அன்று பிற்பகலே அந்தச் சணல் கயிற்றை இரண்டாக வெட்டி, மாற்றி மாட்டிய இரண்டு வயரிலும் ஒவ்வொரு துண்டாகக் கட்டி வைத்தேன். யார் கழற்றினாலும் மறக்கக் கூடாது.

கட்டி முடிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அடுப்படிக்குள் அஞ்சாறு இடத்தில் ஒழுகியது. பானை, சட்டி, பால் வாளி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பிறகு உள்ளே வந்து பெட்டிகளின் தலையைத் தடவிப் பார்த்தேன். இரண்டும் காய்ந்துதான் இருந்தன. கொஞ்சம் கழித்து எழுந்து போய் இன்னொரு தடவையும் தடவிப் பார்த்தேன்.