ஹைதராபாத்துக்கு ஏற்றிய எரிபொருள்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வங்காளத்தின் தம்தம் விமான நிலையத்தில் ஃப்ளைட் டிஸ்பாட்சர். வேலையின் பெயரைச் சொன்னால் கிடர்பூரில் எங்கள் துறைமுகக் குடியிருப்பில் ஒருவருக்கும் புரியாது. "ஏர் ஹோஸ்டஸா?" என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். விமானம் எந்த வழியாகப் போகவேண்டும், எவ்வளவு எரிபொருள் போடவேண்டும், போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் வேறு எங்கே இறங்கவேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பவள் நான் என்று விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தத் திட்டத்தில் விமானியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

மாடி வீட்டு அக்காவுக்கு மட்டும் என் வேலை புரியும். திருநெல்வேலிக்காரர், அவர் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு வார்த்தை வங்காளம் தெரியாமல் முழித்தபோது, மீன்காரரிடம் எனக்காகச் சண்டை போட்டவர் அவர்தான். எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். என் பெண் பாதி நாள் அவர் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தாள்.

ஒரு நவம்பர் மாதம், சென்னையிலிருந்து அக்காவின் தம்பி போன் செய்தார். அம்மா ஆஸ்பத்திரியில், நினைவு வரும்போதெல்லாம் மகளைக் கேட்கிறார், நாளை வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயிலில் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். மத்தியான விமானத்தில் வெயிட்டிங் லிஸ்டில்தான் டிக்கெட் கிடைத்தது.

"கெடச்சிருமா?" என்று கேட்டார் அக்கா.

"தினம் பத்துப் பேராவது வராம போயிடுவாங்கக்கா. ஏறிடுவீங்க. நான் பொறுப்பு."

தினமும் எடையோடு மல்லுக்கட்டுகிறவள், அன்றைக்கு இருக்கையை மட்டும் எண்ணி வாக்குக் கொடுத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

அலுவலகத்துக்குப் போனதும் கவுண்டருக்கு போன் செய்து அக்காவின் பெயரைச் சொல்லி வைத்தேன். எடுத்தவர் சிரித்துக்கொண்டே, "தீதி, சொந்தக்காரங்களா? அப்ப எண்ணெயைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க, எடம் நெறைய கெடைக்கும்" என்று வங்காளத்தில் கேலி பேசினார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு. சென்னையில் மழை. சென்னையில் இறங்க முடியாவிட்டால் விமானத்தைத் திருப்பி விட இன்னொரு ஊரை நான் குறித்தாகவேண்டும், அதுவரை பறக்க எரிபொருளும் ஏற்றியாகவேண்டும். வழக்கமாகப் பெங்களூரைக் குறிப்போம். பக்கம். ஆனால் பெங்களூரின் வானிலை அறிக்கையில், இடையிடையே மேகம் தாழ இறங்கலாம் என்று இருந்தது. எங்கள் விதிப்படி 'இடையிடையே' என்றாலும் அந்த ஊரைக் குறிக்கக்கூடாது. அடுத்தது ஹைதராபாத். தூரம் அதிகம், எரிபொருளும் அதிகம். அந்த எரிபொருள் வழியில் செலவாகாது, சென்னையில் இறங்கும்போதும் டேங்கிலேயே இருக்கும். இறங்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. எண்ணெய் கூடினால் வேறு எதையாவது குறைக்கவேண்டும். முதலில் சரக்கு, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட்.

இந்த மாதிரி நாளில் நாங்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. கீழ்த்தளத்து வானிலை அலுவலகத்தில் நாங்கள் 'தாதா', அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவருக்கு ஒரு போன். "தாதா, பெங்களூர்லேர்ந்து புது அறிக்கை ஏதாவது வருதா?" என்று கேட்டால் அவர் விசாரித்துச் சொல்லிவிடுவார். வரும் என்றால் சற்று நேரம் பொறுத்து, அதைப் பார்த்துவிட்டுத் திட்டத்தை முடிப்போம். இதில் தப்பு ஒன்றுமில்லை. நூறு தடவை செய்திருக்கிறேன்.

அன்று செய்யவில்லை. கவுண்டர்காரரின் சிரிப்பு காதிலேயே இருந்தது. சொந்தக்காரிக்காக அலைந்தாள் என்று நாளைக்கு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஹைதராபாத் என்று எழுதினேன்.

கேப்டன் வயதானவர், அதிகம் பேசமாட்டார். திட்டத்தைப் பார்த்துவிட்டு, "பெங்களூர் தெளியுமா, கேட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

"அறிக்கை இதுதான் சார். விதிப்படி ஹைதராபாத்தான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, கேளுங்கள்.

வெயிட்டிங் லிஸ்டில் யாரையும் ஏற்றவில்லை. விமானத்தின் கதவை மூடும் நேரத்தில் பெங்களூரிலிருந்து புது அறிக்கை வந்தது. மேகம் இல்லை. கீழே போய் அக்காவைப் பார்த்திருக்கவேண்டும். ஆள் விட்டுச் சொல்லச் சொன்னேன். நான் போகவில்லை. சாயங்கால விமானத்திலும் இடமில்லை. மறுநாள் காலைதான் அவர் போக முடிந்தது. அவருடைய அம்மா முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்திலேயே போய்விட்டிருந்தார்.

நான் திட்டம் போட்ட விமானம் சென்னையில் நல்லபடியாக, நேரத்துக்கு இறங்கியது. அக்கா அதில் இருந்திருந்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கலாம். இதை நினைக்காமல் எனக்கு ஒரு வேளைச் சோறு இறங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அக்கா திரும்பி வந்ததும் மாடிக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். அழுதார், நானும் அழுதேன். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு அந்த ப்ளேன் மெட்ராஸ்ல ஒழுங்கா எறங்கிச்சாட்டி?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன். எங்கிருந்து வந்ததோ, அப்படியே கொட்டியது. "சரியான மழை. ஹைதராபாத்துக்குத் திருப்பி விட்டுட்டாங்க. ராத்திரிதான் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தாங்க."

அக்காவின் முகம் தெளிந்ததைப் பார்க்கவேண்டுமே. "அப்பம் நான் ஏறியிருந்தாலும் பாத்திருக்க முடியாது, என்னா?"

"முடியாதுக்கா."

"தம்பி இத நெனச்சு நெனச்சுப் புழுங்குதான். அவன்ட்ட சொல்லிருதேன்" என்று எழுந்தவர், நான் தடுப்பதற்குள் போனைச் சுழற்றிவிட்டார். நான் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"ஏல, சங்கடப்படாத. அந்த ப்ளேன் மெட்ராஸுக்கே வரலியாம். ஹைதராபாத்துக்குத் திருப்பிட்டாங்களாம்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னது, ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தியா? எங்கிட்ட சொல்லவே இல்லியே." போனை மறு காதுக்கு மாற்றினார். "எல்லாரும் எறங்கி வந்தாங்களா? கடைசி ஆளு வர நின்னியா... சரி. சரிப்பா. வச்சிருதேன்."

அன்றைக்கு அக்காவைக் கூட்டிப்போகத் தம்பி அந்த விமானத்துக்கு வந்து நின்றிருக்கிறார் என்று அவர் விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. போனை வைத்துவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். நன்றாகத் திட்டினால் தேவலை என்று இருந்தது.

"ப்ளேன்ல எடம் இல்லன்னா நீ என்ன செய்வ?" என்றார் மெதுவாக. "ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. எதுக்குட்டி எங்கிட்ட பொய் சொன்ன?"

வானிலை அலுவலகத்துக்குப் போடாமல் விட்ட அந்த ஒரு போனைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"தெரியலக்கா" என்றேன்.