வாய் வைத்துக் குடித்த தண்ணீர்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி டீசல் சேமித்து வைக்கும் ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. அதன் தொட்டியின் அடித்தகடு அரித்து, யாரும் கவனிக்காமலே பல வருஷங்களாக எண்ணெய் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அதைச் சுத்தம் செய்ய வந்த குழுவில் நானும் ஒருத்தி. கெட்டுப்போன மண்ணைத் தோண்டி எடுப்பது, நிலத்தடி நீர்மேல் மிதக்கும் எண்ணெயை உறிஞ்சுவது, சுற்றுவட்டக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. மூன்றாவது என் வேலை. அதை வைத்துத்தான் எந்த வீட்டுக்கெல்லாம் லாரித் தண்ணீர் என்று முடிவாகும்.

கிளம்புமுன் பையிலிருப்பதை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன்: கையுறை, கயிறு, கண்ணாடிக் குப்பிகள், ஐஸ் பெட்டி, எனக்குக் குடிக்க ஒரு பாட்டில். கடைசிப் பொருளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

கிடங்குக்குப் பின்னால், நிலக்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையைத் தாண்டி, கடைசித் தெருவில் அந்த வீடு. அங்கிருந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் நிரப்பும்போதே டீசல் வாடை மூக்கில் லேசாகப் பட்டது. ஆனால் எங்கள் மேலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ரிசல்ட் வரும்வரை தண்ணீரைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

அக்கா அதே கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் நீட்டினார். “வெயில்ல வந்துக்கிற. தண்ணி குடிம்மா.”

“இருக்கட்டும்க்கா, பாட்டில் வெச்சிருக்கேன்.”

நீட்டிய கை இறங்கவில்லை. “எங்க வூட்டுத் தண்ணி மேடத்துக்கு ஒத்துக்காதா?”

‘ம்மா’ அதற்குள் ‘மேடம்’ ஆகியிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் நாத்தனார் நிமிராமலே சிரித்தார். “நம்ம தெருவுக்கு ஓட்டு கேட்டுக்கினு வர்றவங்களே பாட்டிலோடதான் வர்றாங்க. நீ இன்னா அண்ணி, புதுசா கேக்கிற?”

எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டிலும் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு தனி டம்ளர் உண்டு. அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அந்த டம்ளரை என் முகத்தில் இவர்கள் பார்த்துவிட்டதுபோல இருந்தது.

தண்ணீரில் வாடை அடிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சொம்பை வாங்கினேன். அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை. வாய் வைத்தே குடித்தேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. “பாத்தியாடி? எண்ண கலந்துபோச்சுன்னு இன்னா பேஜாரு பண்ணானுங்க! படிச்ச பொண்ணு, அதுவே குடிக்குது. நாளையிலேர்ந்து நான் ரோட்டுப் பைப்புக்குக் குடத்தத் தூக்கிக்கினு நடக்க மாட்டேன்பா.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “வர்றேன்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ரிசல்ட் வந்தது. நான் பயந்தபடியே அந்தக் கிணற்றில் டீசல் இருந்தது. லாரி ஓடத் தொடங்கிய முதல் நாள் தெருவெல்லாம் டிரம் வைத்திருந்தார்கள். அந்த வாசலில் மட்டும் இல்லை. “அந்தக்கா வேணாங்குது. டெஸ்ட் பண்ற பொண்ணே குடிச்சிட்டுப் போச்சாம்” என்றார் டிரைவர்.

நான் போனபோது அக்காவின் மகள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார் அக்கா.

“அக்கா, அது வேணாம். தண்ணியில டீசல் கலந்திருக்கு.”

“நீ குடிச்சியே.”

“குடிச்சேன். வாடை அன்னிக்கே தெரிஞ்சிது.”

“தெரிஞ்சிக்கினேவா குடிச்ச?”

“குடிக்கலன்னா என்னைத் தப்பா நெனப்பீங்களோன்னு...”

அவர் கத்தவில்லை. “நாங்க உன்ன நல்ல பொண்ணுன்னு நெனக்கணும். அதுக்கோசரம் எம் பொண்ணு இத்தினி நாளா இத்தக் குடிச்சிக்கினு இருந்துது.”

மகளின் பாட்டிலைத் துணி துவைக்கிற கல்மேல் கவிழ்த்துக் காலி செய்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “உன் பாட்டில குடு.” என் தண்ணீர் முழுவதையும் மகளின் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கிப் பெண்ணை அனுப்பினார். காலிப் பாட்டிலை என்னிடம் தந்துவிட்டு, மூலையிலிருந்த நீல டிரம்மை வாசலுக்கு உருட்டினார். பிடிக்கப் போனேன். “வுடு, நான் பாத்துக்கிறேன்” என்றார்.

கிடங்கில் வேலை இன்னும் முடியவில்லை. எண்ணெய் குறைகிறதா என்று பார்க்க அந்தக் கிணற்றுக்கு இப்போதும் போகிறேன். அக்கா வாளியும் கயிறும் எடுத்துக் கொடுப்பார், குப்பி நிறையும்வரை பக்கத்தில் நிற்பார். தண்ணீர் குடி என்று சொல்வதில்லை. வெயிலில் நின்று என் பாட்டிலைத் திறந்து குடிக்கிறேன். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.