சகலனின் பதிந்த லொறி

என் சகலனை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுவும் ஒரு காரணம். கெடுதல் செய்திருந்தால் நாலு பேரிடம் சொல்லித் திட்டவாவது வழி இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்கு. மாமிக்கு மூன்று பெண்கள். மூத்தவளை நான் முடித்தேன், இரண்டாமவளை அவன் முடித்தான். ஆகவே ஒரே வேலிக்குள் இரண்டு வீடு, இரண்டு மருமக்கள். உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி அதே வேலிக்குள் இரண்டு லொறிகளும் வந்து சேர்ந்தன. முதலில் வாங்கியவன் நான். என்னைப் பார்த்துத்தான் அவன் வாங்கினான். இதைக் கேட்டால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என் லொறியை வாங்கிய வருடமே உயர்த்திவிட்டேன். நான் ஏற்றியது வயல் வட்டையில் விளைகிற நெல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அப்போது எல்லாம் மண் றோட்டு. மாரியில் வண்டில் தடத்துக்குள் சில்லுப் புதைந்தால் லொறியின் வயிறு நடுமேட்டில் தட்டி நின்றுவிடும். கொல்லன் பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங்கில் கூடுதல் தகடுகள் போட்டு, அச்சுக்கு மேல் முதிரைக் கட்டை வைத்து, ஒரு முழத்துக்குக் கிட்ட உயர்த்தினேன். அதற்குப் பிறகு வாய்க்காலாவது வெள்ளமாவது, எனக்கு ஒன்றுமில்லை.

குறை இல்லாமலில்லை. மூட்டை ஏற்றுகிறவர்கள் என் லொறியைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். மற்ற லொறிக்கு நெஞ்சளவில் வைத்துத் தள்ளுகிற மூட்டையை எனக்குத் தலைக்கு மேல் தூக்கவேண்டும். வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் ஒரு பக்கத்துச் சில்லு நிலத்தை மறந்துவிடும். வெறும் லொறியில் போனால் குடல் வாய்க்கு வரும்.

அவன் நேர்மாறு செய்தான். அவன் ஏற்றியது சந்தைக்குப் போகிற சனத்தையும் தேங்காயையும். இருந்த தகடுகளிலும் சிலவற்றைக் கழற்றி லொறியைப் பதித்தான். தென்னங்குற்றி ஒன்றைப் போட்டால் போதும், கிழவிகளும் ஏறிவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்தால் தொட்டில்தான். ஆனால் பாரம் கூடினால் டயர் மட்காட்டில் உரசி றப்பர் மணக்கும். பள்ளத்தில் விழுந்தால் எஞ்சினுடைய அடி கல்லில் இடிக்கும். முழங்கால் தண்ணீர் வந்தால் கதை முடிந்தது. இதையெல்லாம் நான் கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக் களைத்தேன். மாமி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

"மூத்த மருமகன்ட லொறியில ஏறுறதெண்டா தென்னையில ஏறுற மாதிரி. இளையவர்ர லொறியெண்டா கால வெச்சா உள்ளுக்க."

ஒருநாள் என் பெண்சாதியும் சந்தையிலிருந்து அவனுடைய லொறியில் வந்து இறங்கினாள். "ஒரு குலுக்கமும் இல்ல. நித்திரையே வந்திட்டு" என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள். அன்று நான் சோறு தின்னவில்லை. பசியில்லை என்றேன். பசி இருந்தது. கொடுவாமீன் குழம்பு மணத்துக்கொண்டும் இருந்தது.

இப்படியிருக்கையில் மூன்றாமவளுக்கு மண்டூரில் மாப்பிள்ளை சரிவந்தது. தை மாதம் கலியாணம். பெண் வீட்டார் போய்த்தான் மாப்பிள்ளையை அழைத்துவரவேண்டும். முன்பென்றால் மாட்டுவண்டில், இப்போது வளவுக்குள் இரண்டு லொறி நிற்கிறது. எந்த லொறியில் மாப்பிள்ளை வருவார்? அவரைக் கொண்டுவருகிறவன் அவருக்குப் பக்கத்தில் உட்காருவான். றோட்டோரத்துச் சனமெல்லாம் மாப்பிள்ளையோடு சேர்த்து அவனையும் பார்க்கும். மூத்த மருமகன் நான். அந்த இடம் எனக்குரியது. அதைக் கேட்டுப் பெறவேண்டிவரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"மாப்பிள்ள இளையவர்ர லொறியில வரட்டும் மருமகன்" என்றாள் மாமி. "பொண்டுகளும் அதிலதான் ஏறுவாளுகள். நீங்க பாய், கிடாரம், பலகாரப் பெட்டியெல்லாம் ஏத்திக்கு வாங்க."

பாயும் சோறாக்குகிற கிடாரமும்! மூத்த மருமகனுக்குக் கிடைத்த மரியாதை அது.

"மாமி, முகத்துவாரம் இன்னும் வெட்டயில்ல. வாவித் தண்ணி கடலுக்க வடியாம நிக்கிது. வட்டைக்குள்ள றோட்டுக்கு மேல தண்ணி கிடக்கு. அவன்ட லொறி போகாது" என்றேன்.

"அவர் பாத்துக்குவார்" என்றாள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. தண்ணீருக்குள் போகவென்றே லொறியை உயர்த்தி வைத்திருக்கிறவன் நான். பார்த்துக்கொள்கிறவன் அவனா?

போகிற அன்று காலையிலும் மழை பெய்தது. நான் கேட்டுக்கொண்ட மழைதான் அது. மண்டூர் முருகன் என் பக்கம் என்று நினைத்தேன். புறப்படும்போது சகலன் என்னிடம் வந்தான். புதுச் சேட்டு, நெற்றியில் சந்தனம். அவனுக்கு எது போட்டாலும் வடிவுதான், அந்தக் கொதியும் எனக்கு உண்டு.

"அண்ணன், நீங்க முன்னால போங்க. தண்ணி ஆழம் பாத்து நான் உங்கட தடத்தில வாறன்."

"மாப்பிள்ள லொறிதான் தம்பி முன்னுக்குப் போகணும். அதுதான் முறை" என்றேன்.

முறை அதுதான். நான் பொய் சொல்லவில்லை.

வட்டை நடுவில் றோட்டைக் காணவில்லை. இரண்டு பக்கத்து வயலும் றோட்டும் ஒரே தண்ணீர். அவன் மெதுவாக இறக்கினான். பாதிதூரம் போனதும் எஞ்சின் இருமியது, பிறகு நின்றது. தண்ணீர் அவனுடைய லொறித் தட்டின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. பெண்கள் கத்தினார்கள். அவன் இறங்கி எஞ்சினுக்கு முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் ஓரமாக அவனைக் கடந்துபோய் முன்னால் நிறுத்தினேன். தண்ணீர் என் தட்டுக்கு ஒரு முழத்துக்கும் கீழேதான் நின்றது. கயிறு கட்டி இழுக்கலாம் என்றான் என் கிளீனர். நல்ல நேரம் தப்பிவிடும் என்றேன். இருந்த இடத்திலிருந்தே தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் இதில ஏறுங்க" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே இனித்தது.

பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து என் லொறியடிக்கு வந்தார்கள். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். தட்டு அவர்களுடைய தலைக்கு நேராக இருந்தது. தென்னங்குற்றி தண்ணீரோடு போய்விட்டிருந்தது.

அப்போது சகலன் லொறியின் பின்பக்கம் வந்து முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தான். புதுச் சேட்டோடு.

"கூசாம கால வையுங்க மாமி" என்றான்.

மாமி அவன் முதுகில் மிதித்து ஏறினாள். பிறகு மற்றவர்கள், ஒருவர் பின் ஒருவராக. அவனுடைய பெண்சாதியும் அழுதுகொண்டே ஏறினாள். ஏறியவர்களெல்லாம், "நல்லா இருப்பாய் மனே" என்று அவனை வாழ்த்தினார்கள். லொறி என்னுடையது, வாழ்த்து அவனுக்கு! தன் லொறியைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு நிற்கிறவனை ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. இரண்டு கிழவிகள் மட்டும், "எங்களுக்கு ஒண்ணா கா, நாங்க இஞ்சயே இருக்கம்" என்று பதிந்த லொறியிலேயே இருந்துகொண்டார்கள்.

கடைசியாக என் பெண்சாதி. அவள் பின்பக்கம் போகவில்லை. இடுப்பளவு நனைந்தபடி என் கதவடிக்கு வந்தாள்.

"இறங்கி வாங்க. உங்கட கையப் பிடிச்சு ஏறுறன்."

"அவன்தான் குனிஞ்சு நிக்கிறானே. ஏறன்."

"அவர்ர முதுகில எல்லாரும் மிதிச்சாச்சு. நான் மிதிக்க மாட்டன். நீங்க வாங்க."

நான் இறங்கினால் என்ன குறைந்திருக்கும்? வேட்டி நனைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவன் குனிந்து நிற்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியை விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்பிடியெண்டா நில்லு" என்றேன்.

அவள் திரும்பி நடந்துபோய் அந்தக் கிழவிகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மாமி மேலேயிருந்து கூப்பிட்டாள். "நீங்க போங்க, நேரம் போகுது" என்று என் பெண்சாதி கையைக் காட்டினாள். நான் லொறியை எடுத்தேன்.

மண்டூரில் எனக்குக் கிடைக்காத மரியாதையில்லை. வெற்றிலைத்தட்டை முதலில் எனக்குத்தான் நீட்டினார்கள். மாப்பிள்ளை தலைப்பாகையோடு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் பெண்கள் குரவை போட்டார்கள். றோட்டோரத்தில் நின்ற சனம் மாப்பிள்ளையையும் பார்த்தது, என்னையும் பார்த்தது. "நல்ல உசரம் அண்ணன். வட்டை முழுக்கத் தெரியுது" என்றார் மாப்பிள்ளை. நான் ஆசைப்பட்டது ஒன்றும் பாக்கியில்லை.

திரும்பி வரும்போது அந்தத் தண்ணீர் அப்படியே கிடந்தது, அவனுடைய லொறியும் அப்படியே நின்றது. சகலன் ஈரச் சேட்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு மட்காட்டின் மேல் இருந்தான். லொறியின் பின்தட்டில் கிழவிகள் வெற்றிலை சப்பிக்கொண்டிருக்க, நடுவில் என் பெண்சாதி கால் இரண்டையும் தண்ணீருக்குள் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் என்னவோ சொன்னான். கிழவிகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அவள் வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னால் சாய்த்து, வட்டை முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். என் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

வேகத்தைக் குறைத்தேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நிறுத்தவும் முடியாமல், போகவும் முடியாமல், தண்ணீருக்குள் ஊர்ந்துகொண்டு அவர்களைக் கடந்தேன்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"நல்ல சோடி" என்றார். "அவ அந்த அண்ணன்ட பெண்சாதியா?"

"இல்ல" என்றேன். "என்ட பெண்சாதி."