பலா மரத்துக்குப் போன ஓடிபி

"...மரத்துலதாங்க இருக்குது, பலா மரத்துல. வேற எங்க இருக்கும்?" என்றார் அந்தப் பெண். நான் கேட்டது ஒரே கேள்விதான், உங்க போன் எங்கம்மா என்று.

என் மேஜைக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பி.ஏ. கடைசி வருஷ மாணவி. கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊர். விடியலில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கும் எங்கள் சின்னப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. தேர்வு விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குப் போர்ட்டல் மூடிக்கொள்ளும். அதற்குள் விண்ணப்பம் போகாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

அந்தப் போர்ட்டலை நிறுவியவள் நான். கம்ப்யூட்டரைக் கல்லூரியில் படித்தவள் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பதிவாளர் ஐயா எதைக் கேட்டாலும், "நீயே பாத்துப் போடும்மா" என்பார். நானும் பார்த்துப் போட்டேன். அதுவரை பேனாவால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த விண்ணப்பம் அந்தப் பருவத்தில் முதல்முறையாகத் திரைக்குள் போனது. திரையில் வட்டம் சுற்றி நின்றால் எங்கள் அலுவலக உதவியாளர் சொல்வார், "அது யோசிக்குதும்மா. யோசிக்கட்டும், நாம அவசரப்படுத்தக் கூடாது." ஒரு மாணவி சொன்னாள், "வாசல்லயே நிக்க வெச்சிக்கினு, நீ யாருன்னு கேட்டுக்கினே இருக்குதுக்கா." இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். வேலையைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

மலைப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஊரில் வீடுகளுக்குள் சிக்னல் வராது. ஊருக்கு மேலே ஒரு பாறை, பாறையை ஒட்டி ஒரு பலா மரம். அங்கே மட்டும் வரும். அதனால் ஊர்ப் போன்கள் எல்லாம் விடியலிலிருந்தே ஆளுக்கொரு துணிப்பையில் அந்த மரத்தில்தான் தொங்கும். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள், மணி அடித்தால் எடுத்துப் பேசி, போனுக்குரியவர் வீட்டில் சேதி சொல்வார்கள். அவர் கிளம்பும்போது அவருடைய போன் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்திருக்கிறது. பரீட்சைக்கு எழுதிப்போட எதற்கு அதை மரத்திலிருந்து இறக்க வேண்டும்?

என் போர்ட்டலோ, அந்தப் போனுக்கு ஆறு எண் கொண்ட ஓடிபி அனுப்புவேன், அதைச் சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்றது. நம்பரை மாற்றலாம் என்றால், மாற்றுவதற்கும் ஓடிபி பழைய நம்பருக்குத்தான் போகும். அதுவும் நான் வைத்ததே.

"அடுத்த பருவத்துல எழுதிக்கலாமேம்மா" என்றேன், ஆறுதலாக.

"இல்லீங்க. வர்ற வருஷம் என் பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிட்டு காலேஜிக்கு எறங்குறா. எங்க வூட்டுலேர்ந்து ஒரு ஆளுதான் எறங்க முடியும், ஒரு ஆளு ஆட்டோட நிக்கணும். அவ எறங்கிட்டா நான் மேலதான்."

சொன்னதில் வருத்தம் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே மேற்கே மலை நீலமாக, தண்ணீரில் கரைத்து வைத்தது போல நின்றது. அதற்குள் எங்கேயோ ஒரு மரம், அதில் காற்றுக்கு ஆடும் பைகள். மின்விசிறி சுற்றச் சுற்ற, நானும் அந்த மரத்தடியில் நிற்பதுபோல இருந்தது.

என் போனிலிருந்து அழைத்தோம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கால் மணி நேரம் விட்டு மறுபடி. பாறையில் ஆள் இல்லை. மூன்று மணிக்கு மேல் ஒரு குரல் வந்தது, அவருடைய நாத்தனார்.

"அண்ணியா? இன்னா அண்ணி, யாரு போன்லேர்ந்து பேசற?"

"அதெல்லாம் அப்புறம். இப்ப ஒரு நம்பரு வரும். ஆறு நம்பரு. பாத்து மனசுல வெச்சிக்கோ. நான் கூப்புட்டு கேப்பேன்."

"எனக்கு எழுத்துதான் தெரியாது. நம்பரு தெரியும். பஸ்சு நம்பரு படிக்கிறவதான நான்!"

அனுப்பினேன். ஒரு நிமிஷம் விட்டு அழைத்தோம். நாத்தனார் ஆறு எண்ணையும் வாயிலேயே சுமந்துகொண்டு நின்றிருக்க வேண்டும், எடுத்ததுமே தாலாட்டுப் போல ஆரம்பித்தார். "ஏழு... ரெண்டு... ரெண்டு... ஒம்போது... ஏய்! ஏய்! இரு அண்ணி, கெடா பள்ளத்துல எறங்குது!"

கிடா மேலே வந்து, நாத்தனாரும் வந்து, மிச்ச இரண்டு எண்ணும் வந்தபோது திரையில் சிவப்பாக 'நேரம் முடிந்தது' என்று எழுதியிருந்தது. ஓடிபிக்கு ஆயுள் மூன்று நிமிஷம்தான்.

அவர் கிடாவைத் திட்டவில்லை, நாத்தனாரையும் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார். "இந்த மூணு நிமிசம் யாருங்க வெச்சது?"

"சிஸ்டம்ங்க" என்றேன்.

"அவருகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன், எங்களுக்கு ஆடு இருக்குதுன்னு."

சிஸ்டமாவது ஒன்றாவது. ஏதோ ஒரு வீடியோவில் ஒருவர் மூன்று என்று போட்டார், நானும் மூன்று என்று போட்டேன். மேஜை மேலேயே போன் இருக்கிற எனக்கு மூன்று நிமிஷம் தாராளமாகத் தெரிந்தது. நான் வைத்தது, நான்தான் எடுக்க வேண்டும்.

"நான்தாங்க வெச்சேன்" என்றேன். "இருங்க, மாத்துறேன்."

அமைப்புப் பக்கத்தைத் திறந்து மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டேன். அவ்வளவுதான் வேலை. பதிவாளர் ஐயாவிடம் மறுநாள் சொன்னபோதும், நீயே பாத்துப் போடும்மா என்றுதான் சொன்னார்.

மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை நாத்தனார் நிதானமாக, ஒவ்வொரு எண்ணுக்கும் மூச்சு விட்டு, இரண்டு முறை சொன்னார். நடுவில் கிடாவையும் ஒரு முறை அதட்டினார். நான் தட்டினேன். வட்டம் யோசித்தது, யோசித்தது, பச்சையாக 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று வந்தது. மணி நாலு கூட ஆகவில்லை.

"முடிஞ்சிட்ச்சிடி" என்றார் அவர் போனுக்குள்.

"அப்ப மாட்டிட்டு நான் கெளம்பறேன் அண்ணி" என்றது குரல்.

மாட்டியது நிஜம், மரத்தில். அழைப்பைத் துண்டிக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்த என் போனிலிருந்து காற்று வந்தது. பலா இலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். தூரத்தில் ஆட்டு மணி. பக்கத்துப் பையில் யாருடைய போனோ அடித்து, எடுக்க ஆளில்லாமல் நின்றது. அச்சிட்ட ஒப்புகைச் சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, அழைப்பைத் துண்டிக்கக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டுங்க" என்றார். "பஸ்சுக்கு நேரம் இருக்குது."

சீட்டை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முதல்முறையாக முழுசாக அதில் உட்கார்ந்து, போனுக்குப் பக்கத்தில் மேஜை மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.