அரைநாண் கிடந்த இடம்

புளித்த மோரின் வாடை எங்கேயாவது மூக்கில் பட்டால், என் கை தன்பாட்டில் வயிற்றின் இடப்பக்கத்துக்குப் போய்விடும். ஆறு வயதில் எனக்கு அங்கே ஒரு துளை இருந்தது. அதற்குள் ஒரு குழாய் இருந்தது. குழாயைச் சுற்றிக் கசிந்த வயிற்றுநீருக்குத்தான் அந்த வாடை. இளமையைப் பற்றி எழுதுகிறவர்கள் மாமரத்தையும் மழையையும் எழுதுவார்கள், நான் என் வயிற்றுத் தோலைப் பற்றி எழுதுகிறேன். என்ன செய்ய, எனக்கு வாய்த்தது அதுதான்.

அப்பா வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவர். பழைய பூச்சைக் கழற்றுகிற காரத்தைக் குளிர்பானப் போத்தல் ஒன்றில் ஊற்றி, அரியாலையில் எங்கள் வீட்டுக் குசினி மூலையில் வைத்திருந்தார். நான் குடித்தது ஒரேயொரு மிடறு. தொண்டைக்குக் கீழே சாப்பாடு போகிற வழி வெந்து சுருங்கிவிட்டது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தெடுக்கும்வரை கஞ்சியும் பாலும் குழாய் வழியே நேராக வயிற்றுக்குள் போகட்டும் என்று டொக்டர்மார் முடிவெடுத்தார்கள். அன்றிலிருந்து அப்பா வீட்டில் கதைப்பதையே குறைத்துக்கொண்டார்.

குழாய் எனக்குப் பெரிய உபத்திரவமாக இருக்கவில்லை, அதைச் சுற்றியிருந்த தோல்தான் உயிரை வாங்கியது. சிவந்து, கசிந்து, சட்டை பட்டாலே எரியும். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு மாதம் இருந்தது. புண் ஆறினால் முதலாம் வகுப்புக்குப் போகலாம், ஆறாவிட்டால் திரும்பவும் வார்ட்டில் படுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டை அப்போதே தைத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துப் பார்த்து அழுவேன், அம்மா அழவில்லை. "உந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நீ தை மாதம் போறாய், சொல்லிப்போட்டன்," என்றார்.

முதலில் வீட்டு வைத்தியம் எல்லாம் நடந்தது. அப்பாவின் அக்காவான பக்கத்து வளவு மாமி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். பார்க்க வந்த சனம் எல்லாம் தங்கள் தங்கள் கோயில் திருநீற்றைப் புண்ணில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனது. கிளினிக்கில் இருந்த தாதி, எங்கள் வாயில் மிஸி, அதைக் கண்டு தலையில் கை வைத்துவிட்டார். "ஐயோ அம்மா, திருநீறு நெத்தியோடை நிக்கட்டும். இஞ்சை ஒண்டும் வேண்டாம். கொதிச்சு ஆறின தண்ணியும் மெல்லிய சவர்க்காரமும் போதும். உரஞ்சாதையுங்கோ, ஒத்தி எடுங்கோ. நல்லாக் காய்ஞ்ச பிறகு இந்த வெள்ளைக் களிம்பை மெல்லிசாப் பூசுங்கோ. துணியைத் தடிப்பா அடையாதையுங்கோ, ஈரம் உள்ளுக்கை நிண்டு தோலை அவிச்சுப்போடும்."

"உரஞ்சாதை, ஒத்து" என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் மந்திரமானது. காலை, மத்தியானம், பின்னேரம், கசிகிற நேரமெல்லாம் அம்மா என்னைச் சாக்குக் கட்டிலில் கிடத்தி, சொன்னதைச் சொன்னபடி செய்தார். தையல் மெஷினில் அரைவாசி தைத்த பிளவுஸ் கிடந்தால் கிடக்கும். துணிகளை அவித்துக் கொடியில் வெயில் காய வைப்பார், காகம் தொட்டால் திரும்ப அவிப்பார். ஆனாலும் புண் ஆறுவதாகக் காணோம். மூன்று கிழமை போனது. மிஸி களிம்பை மாற்றித் தந்தார், குழாயைச் சோதித்துப் பார்த்தார். குழாயில் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் அம்மா என் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு தனக்குத்தானே கதைக்கிறமாதிரிச் சொன்னார்: "ஒரு பக்கந்தானே தின்னுது. பொத்தானை எந்த நேரமும் ஒரு பக்கமா இழுத்துக்கொண்டிருந்தால் துளை பெருக்குமல்லோ."

அவர் சொன்னது சரி. குழாய் தொங்கி ஆடாமலிருக்க அதன் நுனியை என் அரைநாண் கயிற்றில் செருகி வைப்பது எங்கள் வீட்டு வழக்கமாகியிருந்தது. நான் ஓட, இருக்க, குனிய, கயிறு குழாயைக் கீழே இழுத்தது. துளை ஒரு பக்கம் பெருத்து வயிற்றுநீர் கசிந்தது. மிஸி இதை ஒருநாளும் காணவில்லை. காணாததற்குக் காரணமும் அம்மாதான். அது சும்மா கயிறல்ல, நேர்த்திக் கயிறு. பிள்ளை வாயால் சாப்பிடுகிற நாளில் அவிழ்த்துக் கோயிலில் சேர்ப்பதாக வேண்டிக்கொண்டு மாமி கட்டியது. ஆஸ்பத்திரியில் அறுக்கச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில், கிளினிக் போகிற நாட்களில் மட்டும் அம்மா குழாய் நுனியைக் கயிற்றிலிருந்து கழற்றி, கயிற்றைக் காற்சட்டைக்குள் இறக்கிவிடுவார். இப்படி எங்களை நாங்களே ஏமாற்றியிருக்கிறோம்.

அன்று பின்னேரமே மாமியைக் கூப்பிட்டு, கயிற்றைக் கழற்றப்போவதாக அம்மா சொன்னார். முடிச்சு இறுகிக் கிடந்ததால் வெட்டத்தான் வேண்டும்.

மாமிக்கு வந்த கோபம்! "என்னடி கதைக்கிறாய்? பிள்ளை இன்னும் ஒரு வாய் தின்னேல்லை. நேர்த்தியை அறுத்தால் நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு?"

"மச்சாள், முருகன் இடுப்பைத்தான் பார்ப்பாரோ? கையைப் பார்க்கமாட்டாரோ? கையிலை கட்டிவிடுறன்."

"அறுத்தால் நேர்த்தி போச்சு!"

அப்பா வாசல் படலையடியில் நின்றார். அக்காவின் சொல்லுக்கு மறுசொல் சொல்லி அறியாத மனிதர். உள்ளே போய், மெஷின் லாச்சியிலிருந்து அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்துவந்து நீட்டினார். "வெட்டு. பழி வந்தால் எனக்கு வரட்டும். ஏற்கெனவே என்னட்டைத்தானே கிடக்கு," என்றார். அந்தப் போத்தலைப் பற்றி அவர் வாய் திறந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா வெட்டினார். கயிற்றை என் வலக்கையில் கட்டினார். அன்றிரவே கண்விழித்திருந்து பழைய பருத்திச் சீலையில் உள்சட்டை ஒன்று தைத்தார். குழாய் எந்தப் பக்கமும் இழுபடாமல் நேராக நிற்க அதில் ஒரு சின்னப் பட்டி வைத்தார். அடுத்த கிளினிக்கில் எல்லாவற்றையும் மறைக்காமல் காட்டினார். மிஸி ஏசினார், நன்றாகவே ஏசினார், ஏசி முடிய, அந்த உள்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னொரு பிள்ளைக்கும் தைச்சுத் தருவீங்களோ?" என்று கேட்டார்.

மார்கழி முடியுமுன் தோல் காய்ந்தது. முதலில் எரிவு நின்றது, பிறகு சிவப்பு மங்கியது, பிறகு வாடை போனது. பள்ளிக்கூடம் தொடங்கிய காலையில் மாமி தானாகவே வந்தார். என் வெள்ளைச் சட்டையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். "காய்ஞ்சு போச்சடி," என்றவர் அப்படியே நிலத்தில் இருந்து அழுதார். "காய்ஞ்சு போச்சு, மச்சாள்," என்றார் அம்மா. அப்பாவின் சைக்கிள் பாரில் ஏறி இருந்துகொண்டு, பிந்தப்போகிறது என்று நான் கத்தினேன்.

அடுத்த வருசம் மசித்த இதரை வாழைப்பழம் ஒரு கரண்டி என் தொண்டையால் இறங்கியது. மாமிதான் கைக்கயிற்றை அவிழ்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார். குழாயை எடுத்த பிறகு துளை சில நாட்களிலேயே தானாக மூடிக்கொண்டது. தழும்பு ஒன்று மட்டும் கிடக்கிறது. மாமி இப்போது இல்லை. அவருடைய வளவில் வேறு யாரோ மதில் கட்டி இருக்கிறார்கள். அந்த உள்சட்டைகளில் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை, எல்லாம் வேறு வேறு பிள்ளைகளுக்குப் போய்விட்டன.

போன மாதம் அம்மா எனக்குப் பிளவுஸ் அளவெடுத்தார். கண் மங்கிவிட்டது, நாடாவை முகத்தோடு வைத்துத்தான் இலக்கம் பார்க்கிறார். அளவு இடுப்பருகே வந்ததும் அவருடைய விரல் அந்தத் தழும்பில் போய் நின்றது.

"காய்ஞ்சிருக்கோ?" என்று கேட்டார்.

"ஓமம்மா. எத்தினை வருசமாக் காய்ஞ்சுதானே கிடக்கு," என்று சிரித்தேன்.

"சரி, சரி," என்றார். என்றாலும் சீலைத் தலைப்பால் அந்த இடத்தை ஒருதரம், உரஞ்சாமல், ஒத்தி எடுத்தார்.